கப்பலுக்கு நான்தான் வாய்

டப்பிங் தொழிலில் முகத்துக்கு வேலையே இல்லை, தொண்டைக்கு ஓய்வே இல்லை. வகுப்பில் நாள் முழுக்கக் கத்துகிற டீச்சர்மார்களே, "உள்ள போ, உள்ள போ" என்று கூவுகிற கண்டக்டர்களே, தெருத்தெருவாக மீன் கூவி விற்கிற அம்மாக்களே, சாயங்காலம் ஆனால் சுக்குத் தண்ணீர் தேடுகிற என் கூட்டாளிகளே, இதை உங்களிடம் சொன்னால்தான் சரியாகப் புரியும்.

என் பெயர் எஸ்தர். இருப்பது உத்திரமேரூரில். 'சனிக்கோள் சண்டை' என்று தமிழில் பெயர் வைத்து வந்த வெளிநாட்டு விண்வெளிப் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தியேட்டரில் விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெரிய கப்பல் வரும். கப்பலுக்குள் பேசுகிற ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தமிழில் மேகலா என்று பெயர். முதல் மூன்று பாகத்திலும் மேகலாவாகப் பேசியது நான்தான். நான்காவது பாகம், கதாநாயகனுக்குத் தாடியெல்லாம் நரைத்த பிறகு, இப்போதுதான் வந்தது.

நாக்கு மடங்காத கதை

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எனக்கு சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற வேலை. அந்த வாசிப்பைக் கேட்டவர்கள் சென்னையில் ஒரு ரேடியோ நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சவுண்ட் இன்ஜினீயராக இருந்த நாகராஜ் அண்ணன், "சினிமாவுக்குப் பேச வர்றியா?" என்று கேட்டார். போனேன். கூட்டத்தில் கத்துகிற வேலை. 'ஐயோ', 'ஓடுங்க', 'பாம்பு', இதற்கு மேல் வசனம் கிடையாது.

மேகலா வேஷம் எனக்கு வந்ததற்குக் காரணம், அதை யாரும் கேட்காததுதான். பெரிய ஆர்ட்டிஸ்டுகள் எல்லாம் திரையில் வாய் அசைக்கிற பெண்களுக்குப் பேசினார்கள். கப்பலுக்கு வாய் ஏது? மிச்சம் இருந்தவள் நான். முதல் வசனமே, "வழி திறந்தது, தோழா. விழிப்பாக இரு." எங்கள் பக்கத்தில் மழை பெய்யாது, மய பெய்யும். வாழைப்பழம் கிடையாது, வாயப்பயம்தான். நான் மைக் முன்னால் நின்று, "வயி திறந்தது, தோயா" என்றேன். டப்பிங் டைரக்டர் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி சொன்னேன், மறுபடி தோயா. அழுகை வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு 'ழ'வுக்கும் முன்னால் நின்று, நாக்கை மடக்கி, சரியாக மடங்கியதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த எழுத்துக்குப் போனேன். சேற்றில் வரப்பு தேடி நடப்பது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகராஜ் அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மேடம், இந்தப் பொண்ணு அசல் மிஷின் மாதிரியே பேசுது. திருத்தாதீங்க, அப்படியே விட்டுடுங்க."

வயிற்றுக்கும் வசனம் உண்டு

உத்திரமேரூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போவேன். வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுவதால் சாப்பாடு கிடையாது. டப்பிங் அறையில் மின்விசிறி ஓடக்கூடாது, வளையல் போடக்கூடாது, காகிதம் சலசலக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். வயிறு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்தில், கப்பல் நின்றுபோய் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற காட்சி. முழு அமைதியில் மேகலா ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் என் வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது. வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே ஆள் அனுப்பி இட்லி வாங்கி வரச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு காலை ரெக்கார்டிங் என்றால் மைக் பக்கத்தில் பொட்டலம் தயாராக இருக்கும்.

"காட்சிப்படி கப்பல்ல இன்ஜின் நின்னு போச்சு எஸ்தர், உன் இன்ஜின் மட்டும் ஓடிட்டிருக்கு. போய் மொதல்ல சாப்பிட்டு வா."

தரை டிக்கெட்

முதல் பாகம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோது நைனாவை (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அழைத்துக்கொண்டு மேட்னிக்குப் போனேன். நான் சினிமாவில் இருக்கிறேன் என்று மட்டும் அவருக்குத் தெரியும், என்ன செய்கிறேன் என்று தெரியாது. திரையில் வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரப் பெண்ணையும் உற்று உற்றுப் பார்த்தார். இடைவேளையில், "எஸ்தரு, நீ எப்போ வருவ? ஒன்ன எதுனா கட் பண்ணி வுட்டுட்டாங்களா?" என்று கவலையோடு கேட்டார். "நைனா, அந்தக் கப்பல் பேசுதே, அதான் நான்" என்றேன்.

நைனா எழுந்து நின்றார். சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தக் கப்பலு எம் பொண்ணுப்பா!" என்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த பாதியில் மேகலா வாயைத் திறக்கும்போதெல்லாம் நைனா கைதட்டினார், அவரோடு சேர்ந்து முன்வரிசை முழுக்கத் தட்டியது. படம் முடிந்து வெளியே வரும்போது டிக்கெட் கிழிக்கிறவர் நைனாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா பெர்சு, கப்பலையே பெத்து வச்சிக்கினு, எதுக்குய்யா தரை டிக்கெட்டு எட்த்த?"

ஏழரை நடக்கிறவர்கள் பார்க்கலாமா?

படத்தின் பெயரில் சனி வந்ததால் ஊரில் ஒரு பயம் இருந்தது. தேவகி என்று எனக்கொரு தோழி, அப்போது என்னோடு சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். (ரெக்கார்டிங் இல்லாத நாட்களில் நமக்கும் வயிறு உண்டே.) எனக்காகவாவது படம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் ஜோசியர் அவளுக்கு ஏழரை என்று சொல்லியிருந்தார். இருக்கிற சனி போதாதென்று காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா என்று அவள் வீட்டில் சண்டை.

அது வெறும் கிரகம், வானத்தில் வளையம் போட்டுக்கொண்டு சுற்றுகிறது, படத்தில் அதன் பக்கத்தில் நின்று சுட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். தேவகி பொறுமையாகக் கேட்டாள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் வுடு எஸ்தரு. கடைசில சனி அவங்கள வுட்டுட்டுப் போவுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

வெங்காயத்துக்கு ஒரு மரியாதை

மூன்றாம் பாகத்தோடு படக்கம்பெனியில் ஏதோ தகராறு. நான்காவது வரும், வரும் என்றார்கள். வரவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ஆரோன் கொத்தனார். பிள்ளைகள் பிறந்தார்கள். நைனா போய்ச் சேர்ந்தார். கோடம்பாக்கம் போவது குறைந்துகொண்டே வந்து, பிறகு எப்போதாவது என்றானது. உள்ளூரில் கிடைத்ததைப் பேசினேன். துணிக்கடைத் தள்ளுபடி, தேர்த் திருவிழா அறிவிப்பு, ஆட்டோவில் கட்டிப்போகிற ஒலிபெருக்கிக்கு மரண அறிவிப்புகூட.

ஒருநாள் முனுசாமி வந்தார். லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்கிறவர். அவருக்கு ரெக்கார்டு செய்த குரல் வேண்டும். நான் என் கணீர்க் குரலில் "வெங்காயம், வெங்காயம்" என்று ஆரம்பித்தேன். "அது இன்னாத்துக்கு எக்கா, அது எல்லாரும்தான் கத்தறாங்கோ. நீ அந்தக் கப்பல் கொரல்ல சொல்லு" என்றார். சொன்னேன். "வெங்காயம் வந்தது, தோழி. விழிப்பாக இரு." எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடம்பாக்கம் என்னை மறந்திருந்த காலத்தில், என் மேகலாவை சாகவிடாமல் திருப்புலிவனம் வரைக்கும் தெருத்தெருவாகக் கொண்டுபோனது அந்த லோடு ஆட்டோதான். அடுத்த வாரம் முனுசாமி ஒரு பை வெங்காயத்தோடு வந்து நின்றார்.

"வாங்கறாங்களோ இல்லியோ எக்கா, உங்கொரலு கேட்டா எல்லா வூட்டு கதவும் தொறக்குது."

ஹேமாவின் போன்

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இசை கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. 'சனிக்கோள் சண்டை' நான்காம் பாகத்தின் ட்ரெய்லர். அந்த நரைத் தாடி, அந்தத் துருப்பிடித்த கப்பல். கப்பலுக்குள் விளக்கு எரிகிறது. "வழி திறந்தது, தோழா." அது என் குரல் இல்லை. வேறு ஒரு பெண். நன்றாகத்தான் பேசியிருந்தாள், அதுதான் இன்னும் வலித்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. பிறகு, யார் கேட்பார்கள், எந்த நம்பரில் கேட்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து ஆரோனிடம்கூடச் சொல்லவில்லை. தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்களே, நம் குரலில் இன்னொருவர் நிற்பதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலே இருங்கள்.

சில நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன். "அக்கா, நான் ஹேமா. ட்ரெய்லர்ல மேகலாவா பேசினது நான்தான். திட்டாதீங்க" என்றது குரல். டப்பிங் கலைஞர் சங்கத்தில் விசாரித்து என் நம்பரைத் தேடி வாங்கியிருக்கிறாள். ட்ரெய்லர் பிடித்துப்போய் படம் முழுக்க அவளையே பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடியாது, எஸ்தர் அக்காவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தத் தொழிலில் கைக்கு வந்த வேஷத்தை யார் விடுவார்கள்? "ஏம்மா, உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டேன். சின்ன வயதில் அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்விடுவாராம். இவள் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் படங்களைத்தான் பார்ப்பாளாம். வீட்டில் மேகலா இருக்கிற மாதிரி இருக்குமாம்.

"இப்ப நானே மேகலாவா பேசிட்டா, மேகலா பேசறத நான் எப்பக்கா கேக்கறது?"

எல்லாம் சரி, ஆனால் இவள் இல்லை

அதே கோடம்பாக்கம். நாகராஜ் அண்ணன் தலை முழுக்க வெளுத்து அதே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டப்பிங் டைரக்டர் மட்டும் புதிது, நிவேதா என்று ஒரு பெண். மைக் முன்னால் நின்று கம்பீரமாக ஆரம்பித்தேன். "வழி திறந்தது, தோழா. விழிப்பாக இரு." ஒரு 'ழ'கூடப் பிசகவில்லை. இத்தனை வருஷம் அறிவிப்புப் படித்துப் படித்து என் நாக்கு வாழைப்பழத்தில் ஊசி போல ஏறியது. நிவேதா தயங்கினாள். "மேடம், ரொம்ப அழகா இருக்கு. ஆனா... மேகலா மாதிரி இல்ல." திரும்பச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். மிஷின் மாதிரி வெட்டி வெட்டிச் சொன்னேன். எதுவும் இல்லை. நிவேதா மரியாதையாக, "கொஞ்சம் பிரேக் எடுத்துக்கலாம்" என்றாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னையே நான் காப்பியடிக்க முடியவில்லை. ஹேமா விட்டுக்கொடுத்ததை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிடலாம் என்று நினைத்தேன். படத்தில் வருகிற கப்பல் கேப்டனின் மகளாகப் பேச அவளும் அன்று வந்து வெளியே காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆரோன் போன். மொட்டை மாடியில் கூழ் வற்றல் காயப்போட்டிருந்தேன், ஊரில் வானம் கறுத்துவிட்டதாம், என்ன செய்ய என்று கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில், "இன்னாய்யா கேள்வி இது? எய்ந்து போயி கூய் வத்தல எட்த்து உள்ள வைய்யா! மய வந்துக்கினு கீது, உக்காந்துக்கினு எனக்கு போன் பண்ற!" என்று கத்தினேன். ஹேமா என்னையே பார்த்தாள். "அக்கா, நீங்க மழைய மயன்னா சொல்வீங்க? அப்ப முதல் படத்துல எப்படிப் பேசினீங்க?" பயந்து பயந்துதான் பேசினேன், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் நின்று நின்று என்றேன். சொல்லும்போதே இருவருக்கும் புரிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "வூட்ல பேசற மாதிரியே மனசுல வச்சிக்கோங்க. அதுக்கப்புறம் தப்பு வந்துடுமோன்னு பயந்து சொல்லுங்க." மைக் முன்னால் கண்ணை மூடினேன். வயி, தோயா, வியிப்பு. மனசுக்குள் ஊர்ப் பேச்சை ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் விழாமல் தாங்கிப் பிடித்து வெளியே எடுத்து வைத்தேன். "வ...ழி திறந்தது, தோ...ழா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிவேதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் யாரோ டீத்தட்டோடு கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். கிளாஸ் சத்தம் மொத்தமும் மைக்கில் ஏறிவிட்டது. நாகராஜ் அண்ணன் சிரித்தார்.

"டேக் போச்சு எஸ்தர். பரவாயில்ல, ஆள் கெடச்சாச்சு."

போகிறேன் என்று சொல்லாதே

இந்தப் பாகத்தில் மேகலா அணைந்துபோகிறாள். (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) கப்பலைக் காப்பாற்ற அவளை நிறுத்தியே ஆக வேண்டும். நரைத் தாடிக்காரர்தான் கையால் அந்த விசையை இழுக்க வேண்டும். எழுதி வந்த வசனம், "நான் போகிறேன், தோழா." எனக்கு வாய் வரவில்லை. நிவேதாவிடம், "வீட்டை விட்டுக் கிளம்புறவங்க போறேன்னு சொல்ல மாட்டாங்கம்மா. கடைக்குப் போனாக்கூட போய்ட்டு வரேன்னுதான் சொல்லுவோம்" என்றேன். அவள் வெளிநாட்டு வசனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அர்த்தம் மாறுமே என்றாள். திரும்பி வரமாட்டாள் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் அப்படித்தானே சொல்லுவாள் என்றேன்.

நிவேதா பேனாவை எடுத்தாள். அதற்கு முந்தின வருஷம் அவள் அப்பா ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது அவளிடம் அதைத்தான் சொன்னார் என்றாள். வசனத்தை அடித்து, "போய் வருகிறேன், தோழா" என்று தன் கையால் எழுதினாள். வசனம் கொஞ்சம் நீண்டுபோகிறதே, காட்சிக்குள் அடங்குமா என்று நான் கவலைப்பட்டேன். பட்டன்கள் மேல் கை வைத்துக் காத்திருந்த நாகராஜ் அண்ணன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களோடு பேசுகிற டாக்பேக் மைக்கில் பேசினார்.

"அவளுக்குத்தான் வாயே இல்லியே எஸ்தர், நிதானமா சொல்லிட்டுப் போகட்டும்."

பின்வரிசை

படம் எங்கள் ஊருக்கும் வந்தது. ஹேமா சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஆரோனோடு மூன்று பேருமாக மேட்னிக்குப் போனோம். கூட்டம் நிறைய இல்லை. முதல் பாகத்தைப் பள்ளிக்கூட வயதில் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். மேகலாவின் முதல் வசனத்துக்கு விசில் பறந்தது. ஆரோன் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஹேமா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து, குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கப்பலுக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. தியேட்டரில் சத்தமே இல்லை. நரைத் தாடிக்காரர் விசையில் கை வைத்துவிட்டு இழுக்க முடியாமல் நிற்கிறார். "போய் வருகிறேன், தோழா" என்கிறாள் மேகலா. திரை கறுத்தது. அந்த இருட்டில், பின்வரிசையில் இருந்து ஓர் ஆணின் குரல் வந்தது. தெரிந்தவர் குரல் இல்லை, திரும்பிப் பார்த்தாலும் முகம் தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் நின்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நல்லபடியா போய்ட்டு வாம்மா."

குரல் என்னுடையது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், யோசித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கொடுத்தது, தொண்டை வலி மட்டும்தான் முழுக்க என் சொந்தம்.